அந்த விளையாட்டின் மேல் நான் போட்ட பழி

நைனா,

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். டவர் கிடைக்கவில்லை என்று மறுநாள் உன்னிடம் சொன்னது பொய். திருநின்றவூரில் வீடு பார்த்துவிட்டதையும் பத்திரிகை வந்துவிட்டதையும் சொல்லிவிட்டு, அதே குரலில், கல்யாணத்தில் தோழனாக அசோக்கைத்தான் பக்கத்தில் நிற்கவைக்கப் போகிறேன் என்றாய். பெற்ற அப்பனின் மண்டையை உடைத்தவனை மணவறையில் என் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கவைப்பதா என்று நினைத்தேன். உன் மாமனார் வீட்டுக்காரர்கள் அவன் யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இந்தப் பதின்மூன்று நாளில் எனக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியாது. போனில் சொன்னால், பழசையெல்லாம் விடும்மா என்று நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். நீ என்னைச் சமாதானப்படுத்தக்கூடாது. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றுபோன எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் உனக்கே சொல்லப்போகிறேன். ஆனால் அது எனக்கும் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நீயும் அசோக்கும் பிளஸ் டூ படித்த வருஷம். கும்மிடிப்பூண்டியில் நம் தெருவில் பதினோரு வீடும் ஒரே வரிசையாக ஹாலோ பிளாக் வைத்துக் கட்டியது. அசோக் வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் அப்பா ஏழுமலை இரும்புக் கம்பெனியில் பர்னஸ் உலையில் வேலை செய்தான். அவன் அம்மா தேவகி என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் அதிகம் பேசமாட்டாள். நீங்கள் இரண்டு பேரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தத் துப்பாக்கி விளையாட்டை ஆடுவீர்கள். நீ மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அவன் அவன் வீட்டுக்குள். துணி காயப்போட மேலே வந்தால் என் காதில் விழுவதெல்லாம் சுடுவதும் சாவதும்தான். அவன் மண்டை காலி, இவனை முடிச்சிட்டேன், பின்னாடி வர்றான் போடு என்று நீ கத்துவாய். ஒருநாள் அந்த போனை எட்டிப் பார்த்தேன். ஒருத்தன் சுருண்டு விழுந்தான். நீ சிரித்தாய்.

அப்போது நான் பார்ட்ஸ் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இருந்தேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதே பேச்சுதான். யாரோ ஒரு பையன் எங்கேயோ தன் தங்கையைக் குத்திவிட்டான், கேம் ஆடி ஆடிப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி போனில் வந்ததைக் காட்டுவாள். உண்மையா பொய்யா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றில் கை வைத்துவிட்டுப் பாதியில் எழுந்து ஓடுவாய். எங்கேடா என்றால் அசோக்கிடம் நோட்டு வாங்க என்பாய். தூக்கம் இல்லாமல் உன் கண் சிவந்து கிடந்தது. வாயைத் திறந்தால் சாவடிச்சிடுவேன் என்ற வார்த்தை சாதாரணமாக வந்தது. பிறகு ஒருநாள் உன் போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். நீ வீடு முழுக்கத் தேடினாய். குடுத்துடும்மா, அவன் கூப்புடுவான் என்று கெஞ்சினாய். ஆட்டத்துக்குத்தானே கூப்பிடுவான் என்று நான் டிரம்முக்கு முன்னால் போய் நின்றேன். நீ என்னைத் தள்ளினாய். கிரைண்டரில் மோதி என் முழங்கை பிசகிவிட்டது. நீ அப்படியே வெலவெலத்துப்போய் நின்றாய். எனக்கு அது தெரியவில்லை. பெற்றவளையே தள்ள வைத்துவிட்டதே இந்தச் சனியன் என்று மட்டும்தான் தெரிந்தது. அந்த போனை நான் திருப்பித் தரவில்லை.

அதற்குப் பிறகு எட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. உங்கப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். நீ கிரவுண்டுக்குக் கிரிக்கெட் ஆடப் போயிருந்தாய். காலை பத்து மணி இருக்கும். நான் பழவேற்காட்டிலிருந்து வந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் சத்தம் ஆரம்பித்தது. நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து மறுபடியும் மீன் கழுவினேன். இதை நான் போலீஸிடம் சொல்லவில்லை. உங்கப்பாவிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் முதல்முதலாக உனக்கு எழுதுகிறேன்.

கொஞ்ச நேரத்தில் டிவியையும் தாண்டி அசோக்கின் அலறல் கேட்டது. நான் ஓடினேன். ஏழுமலை வாசல்படியில் குப்புறக் கிடந்தான். தலையிலிருந்து ரத்தம் வழிந்து சிமெண்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கம்பி பக்கத்தில் கிடந்தது. அசோக் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு அப்பா அப்பா என்று கத்தினான். தேவகி மூலையில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் படிக்குக் கீழேயே நின்றுவிட்டேன். தெருவே கூடி நின்றது, ஆனால் ஒருவரும் படியேறவில்லை. அப்போதுதான் நீ கிரவுண்டிலிருந்து ஓடிவந்தாய். எங்களையெல்லாம் விலக்கிக்கொண்டு படியேறி ஏழுமலையின் முகத்தைத் திருப்பிவைத்து, சட்டையைக் கழற்றி அவன் தலையில் அழுத்திப் பிடித்தாய். 108-க்கு அடிக்கச் சொன்னாய். "சித்தப்பா, தூங்காத, என்னயே பாரு" என்று வண்டி வரும்வரை பேசிக்கொண்டே இருந்தாய். உன் கை நடுங்கவே இல்லை. முழங்கைவரை ரத்தத்தோடு உன்னைப் பார்த்தபோது எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரத்தத்தைப் பார்த்தும் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, இவனும் மரத்துப்போய்விட்டானே என்று பயந்தேன். ஒரு உயிரைப் பிடித்துவைத்திருந்த பிள்ளையைப் பார்த்துப் பெற்றவளே பயந்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது தேவகி வாய் திறக்கவில்லை. அசோக்குக்குப் பேச்சு வரவில்லை. தெருவில் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பேசியது நான்தான். "எல்லாம் அந்த கேமுதான் சார். ரெண்டு பேரும் எந்நேரமும் சுட்டுக்கினு கெடந்தாங்க" என்றேன். ரெண்டு பேரும் என்றேன் நைனா. அவர் திரும்பி உன்னைப் பார்த்ததை நான் பார்த்தேன். நான் சொல்லி முடித்ததும் தெருவுக்கே வாய் திறந்துவிட்டது. ஆமாம் சார், கேமுதான் சார் என்று எல்லோரும் சொன்னார்கள். மைக்கோடு வந்த பையனிடமும் நானே பேசினேன். அன்று சாயங்காலமே என் முகம் டிவியில் வந்தது, கீழே ஆன்லைன் கேம் விபரீதம் என்று ஓடியது. விசாரணைக்கு உன்னையும் கூட்டிப்போய்ச் சாயங்காலம்வரை உட்காரவைத்தார்கள். அங்கே நீ, அவங்கப்பா அடிப்பாரு சார் என்று சொல்லியிருக்கிறாய். உங்கம்மாவே வேற சொல்றாங்களே தம்பி என்று வாக்குமூலம் எழுதியவர் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் நீ என்னிடம் கேட்டாய்: "இன்னாம்மா இப்டி சொல்லிட்ட? ஒனக்குத்தான் எல்லாம் கேக்குமே." நான் உன்னை அறைந்தேன். வாய் கிழியும்படி அறைந்தேன். நமக்கு எதுக்கு ஊர் வம்பு, நாளைக்கு உன் பேரும் கேஸில் வந்தால் எவன் வேலை கொடுப்பான் என்று கத்தினேன். உங்கப்பா ஷிப்டு முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அம்மா சொல்றதுதான் சரி என்றார். நீ அதற்குப் பிறகு நாலு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை. போன் இல்லாத வெறுப்பு என்று கம்பெனி பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வாழ்நாளில் அந்த விளையாட்டைத் தொட்டதே இல்லை. அப்படி அறைய நான் எங்கே கற்றுக்கொண்டேன்?

அசோக்குக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஏழுமலை பிழைத்துக்கொண்டான், இடது கை மட்டும் சரியாக வரவில்லை. அவன் அண்ணன் வந்து பொதட்டூர்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். தேவகி ஒருநாள் வீட்டைக் காலி செய்தாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நீ இத்தனை வருஷமும் அசோக்கோடு பேசிக்கொண்டுதான் இருந்தாய் என்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை முதல் பத்திரிகையை அம்மன் காலடியில் வைக்கப் பெரியபாளையம் போனேன். உங்கப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் போனேன். வைத்துவிட்டு வெளியே வந்தால், மஞ்சள் குங்குமம் விற்கும் கடை ஒன்றிலிருந்து யாரோ அக்கா என்று கூப்பிட்டார்கள். தேவகி. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். உன் கல்யாணம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பொண்ணு போட்டோவை அசோக் காட்டினான், லட்சணமாக இருக்கிறாள் என்றாள். அந்த கேம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் உன் குடும்பம் இப்படி ஆகியிருக்காது என்று ஏதோ ஆறுதல் சொல்வதுபோல் உளறினேன்.

அவள் குங்குமத்தைப் பொட்டலம் மடித்துக்கொண்டே இருந்தாள். கோபம் இல்லாமல்தான் கேட்டாள்: "அக்கா, அது ஒத்தக் கல்லு செவுரு. ஒனக்குக் கேக்காமயா இருந்துச்சு?" இன்னொரு பொட்டலத்தை மடித்து வைத்தாள். "டிவி சத்தம் ஜாஸ்தி ஆவும். அப்ப எனக்குத் தெரியும், அக்கா ஊட்லதான் கீறாங்கன்னு. வந்துடுவாங்கன்னு பாத்துக்கினே இருப்பேன்" என்றாள்.

நைனா, இதை எப்படி உனக்குப் புரியவைப்பது. நான்கு வருஷம் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் அடி வாங்கிக்கொண்டு என்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கேட்கவில்லை என்று அவள் நினைத்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. நான் கேட்டது அவளுக்குத் தெரியும். குழாயடியில் அவள் கை கன்றிப்போயிருந்ததைப் பார்த்து, வழுக்கி விழுந்தேன் என்று அவள் சொன்னதை ஒப்புக்கொண்டு தைலம் கொடுத்தவள் நான். அந்தக் கூட்டத்தில், அத்தனை மேளச் சத்தத்தில், எனக்குக் காது அடைத்துப்போனது.

பிறகு அவள் மீதியையும் சொன்னாள். போன் பேசினால் ஏழுமலை பிடுங்கிவிடுவான். ஆனால் அந்த விளையாட்டை ஆடிக்கொண்டு அசோக் என்ன கத்தினாலும், பைத்தியம் ஆடுது என்று விட்டுவிடுவான். ஏழுமலை செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அன்றைக்கு அடி இருக்கிறதா இல்லையா என்று அசோக்குக்குத் தெரிந்துவிடுமாம். ஆட்டத்துக்குள்ளேயே 'ஏறி வா' என்று உனக்கு ஜாடை சொல்லுவானாம். நீ போய்க் கதவைத் தட்டுவாய். நோட்டு வேணும், பந்துக்குக் காத்தடிக்கிற பம்ப் வேணும் என்று நிற்பாய். வெளி ஆள் வந்தால் ஏழுமலை அடங்கிவிடுவான். ஒரு வருஷம் இப்படி நடந்திருக்கிறது. பாதிச் சோற்றில் நீ எழுந்து ஓடியது அதற்காக. அரிசி டிரம்முக்கு முன்னால் என்னைத் தள்ளியதும் அதற்காக. அந்த எட்டு நாளும் உனக்கு போன் இல்லை. எட்டாவது நாள் ஏழுமலை அவள் கழுத்தில் காலை வைத்து மிதித்திருக்கிறான். அசோக் கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்போது அசோக் டீயோடு வந்தான். உனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை லீவு போட்டு அம்மாவுக்குக் கடையில் உதவுவானாம். மற்ற நாளில் ஒரு குடோனில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். என்னைப் பார்த்ததும் தயங்கி நின்று, பெரிம்மா என்று கூப்பிட்டான். நான் என்ன கேட்டேன் தெரியுமா? அத்தனையும் கேட்ட பிறகும், உண்மையைச் சொல்லுப்பா, அடிக்கும்போது உனக்கு அந்த ஆட்டம் ஞாபகத்துக்கு வந்ததா என்று கேட்டேன். எங்கேயாவது ஒரு துளி பழியை நான் அதன்மேல் வைத்துவிட வேண்டும் என்று தவித்திருக்கிறேன். அவன் டீயைக் கீழே வைத்தான். "இல்ல பெரிம்மா. அதுல சுட்டா மறஞ்சு பூடுவான். இது சூடா கை மேல வந்துச்சு. அதுக்கப்புறம் நான் எதையுமே அடிச்சதில்ல" என்றான். அப்புறம் அவனே என்னைச் சமாதானப்படுத்தினான். நான் கேம் என்று சொன்னது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்றாம். அதனால்தான் அவன் அம்மாவை ஒருவரும் துருவித் துருவிக் கேட்கவில்லையாம். அவள் படும் பாட்டை அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தால் அவள் உயிரோடு இருந்திருக்க மாட்டாள் என்று பயந்து, அவனும் ஆமாம் கேம்தான் என்று ஒத்துக்கொண்டானாம். என் பொய்யைப் பதினேழு வயதில் அவன் சுமந்துகொண்டு போயிருக்கிறான். இப்பவும் ஆடுகிறாயா என்று கேட்டேன். எப்பனா, ஒங்க பையன்கூடத்தான் என்று சிரித்தான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு வாந்தி வந்தது. பக்கத்தில் இருந்தவள் பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

நைனா, அந்த விளையாட்டு மனுஷனை ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. உன் தூக்கம் போனதும், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்ததும் பொய் இல்லை. வாயில் வந்த வார்த்தைகளும் பொய் இல்லை. அதில் பாதி அதனால் இருக்கலாம், பாதி உள்ளே வைத்துக்கொண்டு நீ யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததனால் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. படித்தவர்களே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆனால் ஏழுமலையிடம் இருந்தது பட்டன் போன். அவன் யாரையும் திரையில் சுட்டதில்லை. அசோக் அடியைப் பார்த்தது வீட்டுக்குள்ளே, நான்கு வருஷம், கண்ணுக்கு முன்னால். அதை விட்டுவிட்டுத் திரையில் பார்த்ததைத்தான் நான் இன்ஸ்பெக்டருக்குக் கைகாட்டினேன். அது எனக்கு வசதியாக இருந்தது. போனில்தான் குற்றம் என்றால் என் டிவியைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அதுவும் எதையாவது கையில் வைத்துக்கொண்டு கத்தும். பிடுங்குவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோடு பேசுகிறாய், என்ன பேசுகிறாய் என்று கேள். நான் ஒருநாள்கூட அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். நீ பார்த்திருக்கும் பிளாட்டில் சுவர் நம்முடையதைவிட மெல்லிசு என்கிறார்கள். பக்கத்தில் ஏதாவது கேட்டால் போய்க் கதவைத் தட்டு. இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ பதினேழு வயதிலேயே செய்தவன். அதைச் செய்த பிள்ளையைத்தான் நான் மரத்துப்போனவன் என்று நினைத்தேன், ஸ்டேஷனுக்கு அனுப்பினேன், அறைந்தேன். மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு நைனா.

அன்றைக்குக் கிளம்பும்போது தேவகியையும் அசோக்கையும் கல்யாணத்துக்கு வரச் சொன்னேன். அசோக்தான், உங்க தெருக்காரங்க எல்லாரும் வருவாங்களே பெரிம்மா, எங்களைப் பாத்தா இன்னா நெனப்பாங்க என்று கேட்டான். அவன் கேட்டதை ஒன்பது நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு நம் வரிசையில் கோடியிலிருந்து ஆரம்பித்தேன். பத்திரிகையைக் கொடுத்து, தேவகியும் அசோக்கும் வருகிறார்கள் என்று சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் டிவி சத்தத்தைக் கூட்டியதையும் சொன்னேன். முதல் வீட்டில், நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டுக்காரர், என்ன சொன்னாலும் கேம்தான் காரணம், டிவியிலேயே வந்ததே என்றார். டிவியில் சொன்னது நான்தான் என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். மூன்றாவது வீட்டில் உன் அப்பாவோடு வேலை செய்பவரின் சம்சாரம் இருந்தாள். பத்திரிகையின் ஓரத்து மஞ்சளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, எங்க ஊட்டுக்கும் கேக்கும்கா என்றாள்.

நடுவில் இரண்டு வீடு இருக்கிறது நைனா, அவர்களுக்கும் ஏழுமலை வீட்டுக்கும். அங்கேவரை கேட்டிருக்கிறது. இன்னும் ஏழு வீடு பாக்கி. இன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் போகிறேன். உங்கப்பா கூட வருகிறேன் என்றிருக்கிறார், வரட்டும். நீ அசோக்குக்குச் சட்டை எடுத்துவிடு.

அம்மா